கோட்டுக்குக் கீழே ஐந்து வோல்ட்

என் மனைவியின் அண்ணனுக்கு அடிவயிற்றில் குடல் இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. தறிக்குழியில் உட்கார்ந்து மிதியை அழுத்தும்போதெல்லாம் வலது பக்கம் எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைக்கும். அதை உள்ளங்கையால் உள்ளே தள்ளிவிட்டு அடுத்த இழையைப் போடுவார். அந்தக் கோடையில் எலுமிச்சம்பழம் சாத்துக்குடி அளவுக்கு வந்தது. இருமினாலும் வெளியே வந்தது. ஒரு நாள் காலை தள்ளியும் உள்ளே போகாமல் அரைமணி நேரம் நின்றது. அதன் பிறகுதான் டாக்டரம்மாவிடம் போகச் சம்மதித்தார்.

டாக்டரம்மா பெரிய காஞ்சிபுரத்தில் நான்கு படுக்கைகளோடு ஒரு சின்ன ஆஸ்பத்திரி நடத்திவந்தார். மெட்ராஸில் பத்து வருடம் அறுவை சிகிச்சை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். அழுத்திப் பார்த்துவிட்டு நேராகச் சொன்னார்.

"ஒரு மாசத்துக்குள்ள தைக்கணும். குடல் சிக்கிக்கிட்டா சில மணி நேரம்தான். அப்புறம் என்னாலயும் ஒண்ணும் செய்ய முடியாது. மெட்ராஸுக்கு எழுதித் தரேன், போயிடுங்க."

"மெட்ராஸா? அங்க என்னைப் படுக்கப் போட்டு, சுத்தி நாப்பது பசங்கள நிக்க வெச்சு, இதான் குடல், இதான் கொழுப்புன்னு பாடம் நடத்துவாங்கமா. நான் வரல. நீங்களே தைங்க. எங்க தெருவுல தைக்காத கிழிசலா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவருக்குத் தயக்கம் இருந்தது மின்சாரத்தில். அந்த வருடம் மின்வெட்டு கடுமை. அறிவித்த நேரத்தில் போவது பாதி, அறிவிக்காமல் போவது பாதி. அவருடைய ஆபரேஷன் அறை சன்னல் இல்லாத உள்ளறை. முந்தைய மாதம் ஒரு பெண்ணுக்குக் குடல்வால் எடுத்துக்கொண்டிருந்தபோது நடுவில் மின்சாரம் போய், நர்ஸ் பிடித்த டார்ச் வெளிச்சத்தில் முடித்திருந்தார். பெட்ரோமாக்ஸ் கொண்டுபோக முடியாது. மயக்கத்துக்கு அவர் பயன்படுத்தியது ஈதர். அதன் ஆவி நெருப்பைக் கண்டால் அறையே பற்றிக்கொள்ளும். கார் விளக்கைப் பேட்டரியில் மாட்டிப் பார்த்தார். கை நிழல் வயிற்றின் மேலேயே விழுந்தது. தவிர, இரத்தத்தை உறிஞ்சும் மோட்டாருக்கும் மின்சாரம் வேண்டும்.

நான் அப்போது ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் சோதனைக்கூடத்தின் பொறுப்பாளன். நாற்பத்தொரு வயது. லாரி பேட்டரியிலிருந்து வீட்டு மின்சாரம் போன்ற மின்சாரம் எடுக்கும் ஒரு பெட்டியை மேசை மேல் செய்து வைத்திருந்தேன். அதில் என் பழைய மேசை விசிறி ஒரே மூச்சில் ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. மச்சானை அழைத்துக்கொண்டு போனவன் அதைப் பற்றி டாக்டரம்மாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களில் பலமுறை நினைத்தேன்.

"நிச்சயமா வேலை செய்யுமா சார்?"

"நிச்சயமாக."

"அப்ப மூணு வாரம் கழிச்சு வியாழக்கிழமை காலையில பத்து மணிக்கு வெச்சுக்கலாம். உங்க விளக்கு இருந்தா தைக்கிறேன். இல்லன்னா மெட்ராஸ்."

அந்தப் பெட்டியின் உள்விவகாரத்தை மச்சானுக்கு அவர் தறியை வைத்தே விளக்கினேன். பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக, மின்சாரத்துக்குக் கதவுபோலத் திறந்து மூடும் இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு நடுக்கம்பி. மேலே இருப்பது அதை மேலே இழுக்கும். கீழே இருப்பது கீழே இழுக்கும். ஒரு வினாடிக்கு ஐம்பது முறை மாறி மாறி. ஒவ்வொன்றையும் தட்டி எழுப்ப ஒரு சின்ன டிரான்சிஸ்டர் உண்டு. இரண்டு மிதியையும் ஒரே நேரத்தில் அழுத்தினால், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு என்ன ஆகும்?

"அறுந்து தொங்கும். அன்னிக்கு வூட்டுல சோறு கெடைக்காது."

இங்கேயும் அதேதான் என்றேன். இரண்டும் ஒரே நொடியில் திறந்தால் பேட்டரியின் மொத்தச் சக்தியும் இரண்டின் வழியாகவும் பாய்ந்து கருக்கிவிடும். பெட்டி முழுவதும் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடுதான்.

மேசை மேல் இருந்தது பார்க்கச் சகிக்காது. கையில் கிடைத்த ஒயர்த் துண்டுகளால் ஒட்டியது. ஆஸ்பத்திரிக்கு அப்படிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தேக்குப் பெட்டி செய்யச் சொல்லி, மேலே கண்ணாடி மூடி போட்டு, உள்ளே எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினேன். ஒவ்வொரு ஒயரும் பெட்டியின் ஓரத்தோடு ஓடி, மூலையில் நேர்கோணமாகத் திரும்பி, தன் இடத்துக்கு வரும். திரும்பிச் செல்லும் ஒயர்கள் அனைத்தும் பின்மூலையில் ஒரே பித்தளைத் திருகில் சேரும். மச்சான் கழிவுப் பட்டு நூல் ஒரு கண்டு கொடுத்தார். அதை மெழுகில் தோய்த்து, அரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சாக ஒயர்க்கட்டுகளைக் கட்டினேன். நான்கு மாலைகள் ஆயின.

மச்சான் கண்ணாடி வழியாகக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "பாவு போட்ட மாதிரி இருக்குது மாப்ளே. ஒரு இழைகூடக் கோணல் இல்ல. வயித்தையும் நீயே தைச்சுடு, டாக்டரம்மா எதுக்கு?" என்றார். அடுத்த இரண்டு நாட்களில் எங்கள் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் பாதிப் பேருக்கு, பட்டு நூல் கட்டிய கரண்டுப் பெட்டி ஒன்று அவருக்காகத் தயாராவது தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மாட்டினோம். ஈதருக்குப் பயந்து பேட்டரியும் பெட்டியும் வெளியே நடையில். விளக்கின் ஒயர் மட்டும் சுவர் வழியாக உள்ளே. மின்சாரம் போனால் ஒரு ரிலே தானாகப் பெட்டிக்கு மாற்றும். திரும்ப மாற்றுவது கையால். விளக்கு எரிந்தது. உறிஞ்சும் மோட்டாரைப் போட்டதும் பெட்டிக்குள் டப் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். ஃபியூஸ் போயிருந்தது; மேல் டிரான்சிஸ்டரும், அதைத் தட்டி எழுப்பும் சின்ன டிரான்சிஸ்டரும் போயிருந்தன.

அன்று வியாழக்கிழமைக்குப் பதினோரு நாள் இருந்தது.

புதியது மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஓடிவிட்டுப் போனது. மறுபடி மேல் டிரான்சிஸ்டர். மூன்றாவது முறை, பெட்டியைச் சோதனைக்கூடத்துக்கே கொண்டுவந்து, அதே மாதிரி ஒரு மோட்டாரை இரவல் வாங்கி மாட்டினேன். நாற்பது நிமிடம். மேல் டிரான்சிஸ்டர். ஆனால் மேசை மேல் முதலில் ஒட்டிவைத்த பழைய குப்பையில் அதே மோட்டாரை மாட்டினால் ஓடிக்கொண்டே இருந்தது. அதே வரைபடம், அதே உதிரிகள், அதே கை.

எதிலும் நிலைத்து உட்கார முடியாமல் போனது அந்த நாட்களில்தான். கல்லூரிக்குச் சைக்கிளில் பாதித் தூரம் போய், பேட்டரி இணைப்பைக் கழற்றினேனா என்ற சந்தேகத்தில் திரும்பிவருவேன். கழற்றித்தான் இருக்கும். வகுப்பில் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதத் தொடங்கி, அந்தக் கணக்கை விட்டுவிட்டுப் பெட்டியின் படத்தை வரைந்துகொண்டிருப்பேன். மச்சான் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த சுவர். அவர் இருமினால் எனக்கு இங்கே கை நின்றுவிடும். இருமல் முடிந்து தறிச் சத்தம் மறுபடி கேட்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். தறியை நிறுத்தச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. இவர் நிறுத்தவில்லை.

என் மனைவி கவனித்துவிட்டாள். "ஏங்க, சாதத்தைப் பிசைஞ்சுக்கினே இருக்கீங்க. சாப்பிடறதுக்கா, சுவத்துல பூசறதுக்கா?"

சொன்னேன். மூன்று முறை போனதையும் சொன்னேன்.

"எங்க அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னால் மெட்ராஸுக்கும் போகமாட்டார், இங்கேயும் படுக்கமாட்டார்."

"அப்ப டாக்டரம்மாகிட்டயாவது சொல்லுங்க. வயித்தத் தொறந்து வெச்சப்புறம் உங்க பொட்டி டப்புன்னா யாரு பொறுப்பு?"

மறுநாள் போய்ச் சொன்னேன். "நிச்சயமாக" என்று நான் சொன்ன அதே நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் போகிறது என்று தெரியவில்லை என்று சொல்லவேண்டியிருந்தது. டாக்டரம்மா கோபப்படவில்லை. நாட்காட்டியைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வரைக்கும் பாருங்க சார். அதுக்கப்புறம் அவரை நானே வண்டியில ஏத்தி மெட்ராஸுக்கு அனுப்பறேன். கத்தினா கத்தட்டும்."

ஆசிலாஸ்கோப் எங்கள் சோதனைக்கூடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. மின்னழுத்தம் நொடிக்கு நொடி எப்படி ஏறி இறங்குகிறது என்று பச்சைக் கோடாகத் திரையில் காட்டும் கருவி. முதல் நாளிலிருந்தே நடுக்கம்பியை அதில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இருபத்துநான்கு வோல்ட் வரை ஏறும், சமமாக நிற்கும், இறங்கும். மேல் விளிம்பில் ஒரு மயிரளவு துருத்தல்கூட இல்லை. சாவதற்கு அதில் எந்தக் காரணமும் தெரியவில்லை. டிரான்சிஸ்டர் போலியாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு வேறு கடையில் வாங்கினேன். நான்காவதும் போனது. மேல்.

திங்கட்கிழமை மதியம், செய்வதற்கு வேறு ஒன்றும் இல்லாமல், சோதனைக் குறிப்பேட்டை முதலிலிருந்து படித்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு வரி எழுதுவது என் பழக்கம்: நேரம், பேட்டரி அழுத்தம், சுமை, சூடு, திரையின் அளவு, பூஜ்யக் கோட்டின் இடம். பூஜ்யக் கோட்டுக்கான கட்டத்தில், ஒன்பது வரிகளிலும் ஒரே சொற்கள் என் கையெழுத்தில் இருந்தன. பூஜ்யக் கோடு: கீழ் விளிம்பு. பூஜ்யக் கோடு: கீழ் விளிம்பு.

அது நான் பெருமைப்பட்ட ஒரு வழக்கம். நடுவில் பூஜ்யத்தை வைத்தால் திரையில் பாதி வீண். கீழ் விளிம்பில் வைத்தால் முழு உயரமும் அளவுக்குக் கிடைக்கும், பின்னம் வரை துல்லியமாகப் படிக்கலாம். மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பேட்டரியின் எதிர்முனைக்குக் கீழே எதுவும் போகாது என்பதால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பது என் கணக்கு. அப்படிப் போகாது என்று நான் ஒருபோதும் பார்த்ததில்லை. பார்க்க முடியாதபடி ஒன்பது முறை திரையை அமைத்து, அதை ஒன்பது முறை ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தேன்.

குமிழைத் திருப்பிப் பூஜ்யத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தை முழுவதும் கூட்டி, மேசை விரிப்பைத் தலையோடு சேர்த்துத் திரையின் மேல் போர்த்திக்கொண்டு, இருட்டில் கண் பழகும் வரை காத்திருந்தேன். மேல் டிரான்சிஸ்டர் மூடும் ஒவ்வொரு முறையும், பச்சைக் கோடு பூஜ்யத்தோடு நிற்கவில்லை. புகைபோல மெலிதாக ஒரு முள் அதற்குக் கீழே இறங்கிவிட்டுத் திரும்பியது. கட்டங்களை எண்ணினேன். ஐந்து வோல்ட். கீழே.

பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. மோட்டாரில் ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரம், மேல் வழி மூடியதும் சட்டென்று நிற்காது. நடுக்கம்பியைக் கீழே இழுத்துக்கொண்டு வேறு வழி தேடும். அந்த வழியைக் கொடுக்க, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு வைத்திருந்தேன். ஆனால் அந்த டையோடுக்குப் போகும் ஒயர் பெட்டியின் மூன்று ஓரங்களைச் சுற்றி, மூன்று முறை நேர்கோணமாகத் திரும்பி, பின்மூலைத் திருகுக்குப் போய் வந்தது. நீண்ட ஒயரில் மின்சாரம் திடீரென்று புகமுடியாது, தயங்கும். அந்தத் தயக்கத்தின் இமைப்பொழுதில் நடுக்கம்பி பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மேல் டிரான்சிஸ்டரைத் தட்டி எழுப்பும் சின்னது நிற்பதே அந்த நடுக்கம்பியை நம்பித்தான். அடிநிலம் இறங்கியதும் அது குழம்பி, எழுப்பக்கூடாத நேரத்தில் மேல் டிரான்சிஸ்டரை எழுப்பிவிடும். கீழே இருப்பது அப்போதுதான் திறந்திருக்கும். இரண்டு மிதியும் ஒன்றாக.

மேசைக் குப்பையில் அந்த ஒயர் என் சுண்டுவிரல் நீளம் இருந்தது. அவசரத்தில் வைத்தது.

மெழுகுப் பட்டு முடிச்சுகளைச் சவரப் பிளேடால் அறுத்தேன். டையோடுகளின் கால்களை வெட்டி, டிரான்சிஸ்டர்களின் மேலேயே நேராக ஒட்டினேன். திரும்பும் ஒயர்களைக் குறுக்கே, சாய்வாக, எது குட்டையோ அப்படி இழுத்து, நடுவில் ஒரே புள்ளியில் சேர்த்தேன். சின்ன டிரான்சிஸ்டருக்கு முன்னால் ஒரு மின்தடையும், கீழே இறங்காமல் தாங்க இன்னொரு டையோடும். முள் ஒரு வோல்ட்டுக்கும் குறைவாகச் சுருங்கியது. செவ்வாய் மதியம் வரை மோட்டாரை நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். ஒன்றும் போகவில்லை. அப்போதும் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பார்க்காத இன்னொரு இடம் எது என்றே மனம் துழாவிக்கொண்டிருந்தது.

பெட்டியை ஆஸ்பத்திரி நடையில் வைத்தபோது மச்சான் அங்கே இருந்தார், இரத்தம் சோதிக்க வந்திருந்தார். கண்ணாடிக்குள் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னா மாப்ளே இது? காக்கா கூடு கட்டிக்கினு போச்சா?"

மரப்பலகை மூடி ஒன்று கொண்டுவந்து மாற்றியிருக்கலாம். அந்த யோசனை காலையில் எனக்கு வந்ததுதான்.

"இதுதான் சரியாக ஓடுகிறது மச்சான்."

"மொதல்ல கட்டினது?"

"அது நாலு தடவை போயிற்று."

"நாலு தடவையா?" அவர் என் முகத்தைப் பார்த்தார். "நான் தெருவுல நின்னுக்கினு, எங்க மாப்ளே பட்டுல கட்டினான்னு எல்லார்கிட்டயும் அளந்துக்கினு இருக்கேன். நீ சொல்லவே இல்லியே. உன் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"டாக்டரம்மாவுக்கு?"

"தெரியும்."

"வயிறு மட்டும் என்னுது. அந்த ஆளுக்குத்தான் தெரியாது."

அழகாகக் கட்டியதால்தான் போயிற்று, அசிங்கமாகக் கட்டியதால்தான் நிற்கிறது என்று சொன்னேன். எனக்கே அது நொண்டிச் சாக்காகக் கேட்டது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பிவந்து பெட்டிக்கு முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"புதுசா பாவு ஏத்தினா நாங்க உடனே நெய்ய மாட்டோம். இழை போடாம வெறும் மிதி மிதிச்சுப் பாப்போம். எங்க உரசுது, எங்க அறுவுதுன்னு அப்பதான் தெரியும். நல்லா இருக்குதுன்னு சொன்னவன் யாரா இருந்தாலும் சரி. எந்த ஸ்விட்சுப்பா?"

மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்சைக் காட்டினேன். மச்சான் நர்ஸை அழைத்து உள்ளே மோட்டாரைப் போடச் சொன்னார். நிறுத்தினார். ரிலே தட்டியது, உள்ளே விளக்கு எரிந்தது, மோட்டார் உறுமியது. கையால் திருப்பினார். மறுபடி நிறுத்தினார். ஒரே தாளத்தில், தறியில் உட்கார்ந்த முகத்தோடு. ஐம்பதுக்குப் பிறகு நர்ஸ் "ஐயா, மோட்டார் சூடாவுது" என்றாள். "ஆவட்டும்மா, அன்னிக்கு என் வயித்துல சூடாவறதுக்கு இன்னிக்கே ஆவட்டும்" என்றார். நான் ஒவ்வொரு தட்டலுக்கும் அந்த டப் சத்தத்தை எதிர்பார்த்து நின்றேன். நூறைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டேன். டாக்டரம்மா தன் அறையிலிருந்து வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

நிறுத்தியபோது மச்சானுக்கு வேர்த்திருந்தது. எழுந்திருக்கும்போது வழக்கம்போல் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"வியாழக்கிழமை தானேமா? வந்துடறேன். ஆனா இவன் உள்ள வரக்கூடாது. இங்கயே பொட்டி பக்கத்துல குந்திக்கினு இருக்கணும். எங்கியும் போவக்கூடாது."

வியாழக்கிழமை பத்து மணிக்குக் கதவு சாத்தினார்கள். நான் நடையில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்தேன். கதவிடுக்கு வழியாக ஈதர் வாசனை இனிப்பாக வந்தது. பத்து இருபத்தைந்துக்கு மின்சாரம் போனது. ரிலே தட்டியது. பெட்டி மெல்ல முனகத் தொடங்கியது. மேல் டிரான்சிஸ்டர் பொருத்தியிருந்த அலுமினியத் தகட்டில் விரலை வைத்துக்கொண்டேன். உறிஞ்சும் மோட்டார் ஓடியது, நின்றது, ஓடியது. ஒவ்வொரு தொடக்கத்திலும் முனகல் ஒரு கணம் தாழ்ந்து நிமிர்ந்தது. தகடு சுட்டது, தாங்கக்கூடிய சூடு. என் மனைவி வாசல் படியில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலையசைத்தால் அவள் தப்பாகப் புரிந்துகொள்வாளோ என்று அசைக்கவும் இல்லை.

பத்து ஐம்பதுக்குத் தெருவில் எங்கோ ஒரு ரேடியோ பாதிப் பேச்சிலிருந்து பேசத் தொடங்கியது. மின்சாரம் வந்துவிட்டது. சற்றுப் பொறுத்து நர்ஸ் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"சார், கரண்ட் வந்துடுச்சு இல்ல? இன்னும் இதுலயே ஓடிக்கினு இருக்குதே."

"அம்மா தைத்து முடிக்கட்டும்" என்றேன். திரும்ப மாற்றும் அந்த ஒரு நொடி வேண்டாம் என்று இருந்தது. ஓடுவது ஓடட்டும்.

பதினொன்றரைக்கு அவரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். முகம் வெளுத்து, வாய் திறந்திருந்தது. தன் வீட்டு வாசலில் யாரையோ திட்டுவதுபோல் ஏதோ முணுமுணுத்தார். என் மனைவி வண்டியோடு ஓடினாள். கடைசியாக வந்த டாக்டரம்மா முகமூடியை இறக்கிவிட்டுக்கொண்டு என் முன்னால் நின்றார்.

"நல்லபடியா முடிஞ்சுது. நடுவுல ஒரு தரம் கண் சிமிட்டின மாதிரி இருந்துது, அவ்வளவுதான். இனிமே நிறுத்திடலாம் சார்."

எனக்கு விரலை எடுக்கவே சில நொடிகள் ஆயின. பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். முனகல் நின்றது. திறந்திருந்த கதவின் வழியாக, காலியாக இருந்த மேசைக்கு மேலே விளக்கு அணைவது தெரிந்தது.